இணையத்தில் நம் மருத்துவக் குறிப்புகள்: சாவி யார் கையில்?

தாம் இறந்த பிறகு தமது கண்ணையும் சிறுநீரகத்தையும் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுக்கச் சம்மதித்து ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர்களை நாம் நல்ல மனம் படைத்தவர்கள் என்போம். நம் நாட்டில் அவ்வாறு உறுதிமொழி அளித்த ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் பேரின் விவரங்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் வகையில் இணையத்தில் கிடப்பதாக 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 'லோயாட்' என்ற உள்ளூர்ச் செய்தித்தளம் தெரிவித்தது. பெயர், அடையாள அட்டை எண், இனம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை அந்தக் கோப்புகளில் இருந்தன. நாடு முழுவதும் அரசாங்க மருத்துவமனைகளிலும் தேசிய உறுப்பு மாற்று வள மையத்திலும் சேகரிக்கப்பட்டவை அவை. 2016 செப்டம்பரிலேயே அவை இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தன என்பதுதான் கூடுதல் வேதனை. ஓராண்டுக்கும் மேலாக எவருக்கும் தெரியாமல் அங்கேயே இருந்திருக்கின்றன.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. உறுதிமொழி அளித்த ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு நெருங்கிய உறவினரின் விவரம் இருந்தது. மலேசியாவில் ஒருவர் உறுப்பு தானத்திற்கு உறுதிமொழி அளித்திருந்தாலும், அவர் இறந்தபின் குடும்பத்தார் சம்மதித்தால்தான் உறுப்புகளை எடுப்பார்கள். ஆகவே அப்பா, அம்மா, கணவன், மனைவி என்று யாராவது ஒருவரின் தொலைபேசி எண்ணைப் படிவத்தில் கேட்பார்கள். அந்த உறவினர் எந்தப் படிவத்தையும் நிரப்பியவரல்லர். பல வீடுகளில் தம் எண் கொடுக்கப்பட்டதே அவருக்குத் தெரிந்திருக்காது. உறவினரையும் சேர்த்தால் பாதிக்கப்பட்டவர் தொகை இரட்டிப்பாகிறது.

நான் கணினித்துறை மாணவன். செமினியில் படிக்கும் காலத்தில் இதுபோன்ற கசிவுகளைப் பற்றி வகுப்பறையில் பலமுறை பேசியிருக்கிறோம். வங்கியில் கசிவு, விமான நிறுவனத்தில் கசிவு என்று உதாரணங்கள் நிறைய வரும். ஆனால் இந்த உறுப்பு தானப் பட்டியல்தான் என் மனத்தில் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்நாட்டில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் சிகிச்சையில் வாழ்கிறார்கள். நம்மவர் வீடுகளில் நீரிழிவும் அதன் பின்னால் வரும் சிறுநீரகக் கோளாறும் எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உறுப்பு தானம் என்றாலே தயங்கும் ஒரு சமுதாயத்தில் தயக்கத்தை வென்று கையொப்பமிட்ட ஒருவர், 'இதனால் என் அம்மாவின் தொலைபேசி எண் ஏமாற்றுக்காரன் கைக்குப் போய்விட்டது' என்று அறிந்தால் அடுத்தவரிடம் என்ன சொல்வார்? கசிந்தது தகவல் மட்டுமென்றால் பரவாயில்லை. அடுத்த கையொப்பமும் அதனோடு போய்விடுகிறது.

கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். கடன் அட்டை எண் வெளியேறினால் வங்கிக்கு அழைத்து அட்டையை முடக்கிவிடலாம். இரத்தப் பிரிவையோ, பிறவிக் குறையையோ, பத்தொன்பது வயதில் மனநல மருத்துவரைப் பார்த்த வரலாற்றையோ மாற்ற முடியுமா? மருத்துவத் தகவலின் தனித்தன்மை இதுதான். ஒருமுறை வெளியேறினால் ஆயுள் முழுவதும் வெளியிலேயே இருக்கும். சில வேளைகளில் அது நம்மோடு நிற்பதுமில்லை. பரம்பரை நோய் என்றால் தம்பிக்கும் தங்கைக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்தே பேசிவிடுகிறது.

இதன் கொடுமையை நமக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். சிங்கப்பூர் சுகாதார அமைச்சின் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டதை 2019 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள். மீதி 8,800 பேர் வெளிநாட்டவர்கள். எந்த ஊடுருவல்காரனும் இரவில் விழித்திருந்து கணினியை உடைத்து எடுத்ததல்ல அது. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவரோடு நெருக்கமாக இருந்த ஒருவர் கைக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது. வேலையிடத்திலும் உறவினரிடத்திலும் பல்லாண்டுகளாகச் சொல்லாமல் காத்து வந்த ஒன்றை ஒரே நாளில் இழந்தவர்களுக்கு எந்த மன்னிப்புக் கடிதம் ஈடாகும்?

அதற்கு முந்தைய ஆண்டு அதே சிங்கப்பூரில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்ற குறிப்பும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துக் குறிப்பும் அதில் அடக்கம். பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியை எங்கள் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்துவிட்டோம். ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், 'பாஸ்வர்ட்' என்ற சொல்லையே ஓரிரு எழுத்துக்கு மட்டும் குறியும் எண்ணும் போட்டு எழுதியதாம்! பணமும் நிபுணர்களும் நிறைந்த ஒரு நாட்டில் இந்த நிலை.

இங்கே நம் அடையாள அட்டை எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மைகார்ட் 2001இல் அறிமுகமானது. ஆனால் அதிலுள்ள 12 இலக்க எண் முறை அதற்கும் மூத்தது. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14 என்பதுபோல. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆக, எண்ணைப் பார்த்தவுடனேயே நம் வயது, ஊர், பால் மூன்றும் தெரிந்துவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முகநூலில் பிறந்தநாள் வாழ்த்து வாங்கிய ஒருவர், தாம் கிள்ளானில் பிறந்தவர் என்பதையும் அங்கேயே எழுதியிருந்தால், அவருடைய எண்ணின் முதல் எட்டு இலக்கங்களைக் கிட்டத்தட்ட ஊகித்துவிடலாம். மிச்சம் நான்கு இலக்கம். ஆண் பெண் தெரிந்ததால் அதிலும் பாதி கழிந்துவிடும். ஐயாயிரம் வாய்ப்புகள், ஒரு கணினிக்கு அது கண் இமைக்கும் நேரத்து வேலை.

இந்த எண்ணைத்தான் நாம் பெயருக்கு அடுத்தபடியாக எல்லா இடத்திலும் கொடுக்கிறோம். கிளினிக் முகப்பில் தாதி சத்தமாகக் கேட்பார், நாம் சத்தமாகச் சொல்வோம், காத்திருக்கும் பத்துப் பேரும் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பும் அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல்லாகவும் பல நேரங்களில் இதே எண்ணோ அதன் ஒரு பகுதியோதான் இருக்கும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்த கதை இது.

தனியாக ஒரு பட்டியல் கசிந்தால் அதன் தீமைக்கு ஓர் அளவு உண்டு. இரண்டு பட்டியல்கள் சேரும்போதுதான் ஆபத்து முழுமையாகிறது. 2017 அக்டோபரில் இதே லோயாட் தளம், 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் சந்தாதாரர் விவரங்கள் கசிந்துள்ளதை வெளிப்படுத்தியது. அப்போது நம் மக்கள் தொகையே மூன்றேகால் கோடிக்குள்தான். அந்தத் தரவுகள் 2014இல் எடுக்கப்பட்டவை. அதே குவியலில் மருத்துவர்கள், பல் மருத்துவர்களின் அமைப்புகளிலிருந்து வந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளும் இருந்தன. தம் எண்ணும் அதில் உண்டா என்று பொதுமக்கள் சரிபார்த்துக்கொள்ள மலேசியர் ஒருவர் 'சாயா கெனா ஹேக்' என்ற தளத்தை அமைத்தார். அடுத்த சில நாள்களிலேயே அதிகாரத் தரப்பு அந்தத் தளத்தை முடக்கியது. கசிந்த தரவையே அது பயன்படுத்துகிறது என்பது காரணம். சட்டப்படி அதில் நியாயம் இருக்கலாம். ஆயினும் திருடு போனதா என்று பார்க்கப் போனவனின் வழியை அடைத்ததுபோல் எனக்குப் பட்டது.

இப்போது ஓர் ஏமாற்றுக்காரனின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஒரு பட்டியலில் பெயர், எண், முகவரி. மற்றொன்றில் இன்ன மருத்துவமனையில் இன்ன காரணத்துக்காகப் பதிவு செய்தவர் என்ற குறிப்பு. 'மக்காவ் மோசடி' என்று நாளிதழ்களில் நாம் படிப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அழைப்பவர் உங்கள் முழுப்பெயரைச் சொல்வார். அடையாள அட்டை எண்ணைச் சொல்வார். உங்கள் பெயரில் பொய்யான காப்பீட்டுக் கோரிக்கை வந்திருப்பதாகவும், விசாரணைக்கு இணைப்பைக் காவல் நிலையத்திற்கு மாற்றுவதாகவும் சொல்வார். 'இவ்வளவும் தெரிந்திருப்பவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும்' என்று அறுபது வயதுப் பெரியவர் நம்புவதில் என்ன வியப்பு? அவரை முட்டாள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய விவரம் அவர் கையிலிருந்து போகவில்லை. அவர் நம்பிக் கொடுத்த இடத்திலிருந்து போயிருக்கிறது.

நம் பள்ளிகளிலும் கருத்தரங்குகளிலும் இணையப் பாதுகாப்பு என்றால் 'கடினமான கடவுச்சொல் வையுங்கள், தெரியாத இணைப்பைச் சொடுக்காதீர்கள்' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் மேலே சொன்ன எந்தச் சம்பவத்தையும் அது தடுத்திருக்காது. 2019 செப்டம்பரில் கிரீன்போன் என்ற ஜெர்மானிய நிறுவனம் உலகெங்கும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கணினிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நூற்றுக்கணக்கான கணினிகள் எந்தக் காப்பும் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன. உள்ளே நுழையத் தனித்திறமை எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பட்டியலில் இந்தியா இருந்தது. ஏறத்தாழ 20,000 நோயாளர் பதிவுகளோடு மலேசியாவும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சேரும்போது நாம் ஒவ்வொருவரும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, சிறுநீர் சோதித்து, 'ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, மனநோய் உண்டா' என்ற கட்டங்களில் குறியிட்டுக் கொடுத்தோமே, அந்தப் படம் இப்போது எந்தக் கணினியில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழகத்திலிருந்தும் ஓர் உதாரணம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்களை டெலிகிராம் செயலியில் தானியங்கி உரையாடி ஒன்று கேட்பவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்ததை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. 3 கோடியே 10 லட்சம் பேரின் தரவு தம்மிடம் இருப்பதாகத் திருடியவர் கூறிக்கொண்டார். பரிசோதனை முடிவு, நோய் விவரம், அடையாள ஆவணம் என்று எல்லாம் இருந்தன. கேரள மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை பெற்ற ஒரு வயதுக் குழந்தையின் குறிப்பும் அவற்றுள் ஒன்று. நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. ஒரு வயதில் வெளியான குறிப்பு அந்தக் குழந்தையை எத்தனை ஆண்டு பின்தொடரும் என்று எந்த நீதிமன்றமும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

மைசெஜாத்ராவை நாம் எல்லாரும் பயன்படுத்தினோம். 2020 ஏப்ரலில் தொடங்கிய அந்தச் செயலி இல்லாமல் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழைய முடியாத காலம் ஒன்று இருந்தது. 2022 மார்ச்சில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அதன் உரிமை பற்றிக் கேள்வி எழுப்பிய பிறகுதான், செயலியை உருவாக்கிய தனியார் நிறுவனத்திற்கும் அரசாங்கத்திற்கும் இடையிலான ஏற்பாட்டைப் பற்றி மக்கள் கேட்கத் தொடங்கினார்கள். தரவு முழுவதும் சுகாதார அமைச்சுக்கே சொந்தம் என்று அரசாங்கம் விளக்கமளித்தது. அதற்குப் பின் 2023 பிப்ரவரியில் வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் தரவு ஒரே ஒரு மேல்நிலை நிர்வாகக் கணக்கின் வழியாகப் பதிவிறக்கம் செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. செயலியை நான் குறை சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அது செய்த வேலை பெரிது. ஒரே சாவியில் முப்பது லட்சம் கதவுகள் திறக்குமாறு எதையும் கட்டக்கூடாது என்பது எங்கள் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் அமலுக்கு வந்தது. உடல்நலம், மனநலம் பற்றிய தகவலை அது 'நுண்ணிய தரவு' என்று தனியாக வகுத்து, அதைப் பயன்படுத்த நம்முடைய வெளிப்படையான சம்மதம் வேண்டும் என்கிறது. ஒரு தனியார் மருத்துவமனையிடம் 'என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்?' என்று எழுதிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அவர்கள் 21 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தவறாக இருந்தால் திருத்தவும் கேட்கலாம். இந்த உரிமையைப் பயன்படுத்திய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. வாசகர்களில் யாராவது இருந்தால் அவரைப் பாராட்டுகிறேன்.

2024இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தியது. தண்டத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறை இரண்டு ஆண்டிலிருந்து மூன்றாகவும் உயர்ந்தது. 2025 ஜூன் 1 முதல், பெரிய கசிவு ஒன்று நடந்தால் நிறுவனம் 72 மணி நேரத்திற்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அதன்பின் ஏழு நாள்களுக்குள் சொல்ல வேண்டும். முன்பு இந்தக் கடமையே கிடையாது. நம் விவரம் களவு போனதை நாளிதழில் படித்துத்தான் அறிய வேண்டியிருந்தது.

ஆனால் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படிக்கும் யாரும் ஒரு கணம் நின்றுவிடுவார்கள். இச்சட்டம் கூட்டரசு அரசாங்கத்தையும் மாநில அரசாங்கங்களையும் கட்டுப்படுத்தாது. 2024 திருத்தத்திற்குப் பிறகும் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது. நான் முதலில் சொன்ன உறுப்பு தானப் பட்டியல் அரசாங்கத்தின் பட்டியல். பணம் கொடுத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவரின் இரத்தச் சோதனை முடிவுக்கு இச்சட்டத்தின் காவல் உண்டு. செமினி பட்டணத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்க்கும், அங்கிருந்து காஜாங் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் நோயாளியின் அதே முடிவுக்கு அந்தக் காவல் இல்லை. அரசாங்க மருத்துவர்களை மருத்துவ மன்றத்தின் இரகசியக் காப்பு நெறி கட்டுப்படுத்துகிறது. அரசு ஊழியர்களுக்கு வேறு சட்டங்களும் உண்டு. எனினும் கசிவு நடந்தால் நோயாளி போய் முறையிட ஓர் ஆணையர் இல்லை, 72 மணி நேரக் கெடு இல்லை. நம் பெற்றோரில் பெரும்பாலோர் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை எண்ணினால் இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை என்பது புரியும். அரசாங்க மருத்துவமனைகள் காகிதக் கோப்பிலிருந்து மின்னியல் பதிவுக்குப் படிப்படியாக மாறி வருகின்றன. கூட்டரசு அமைப்புகள் தமக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சட்டமும் 2025இல் நடப்புக்கு வந்துவிட்டது. பகிர்வதற்குச் சட்டம் முந்திக்கொண்டது. நோயாளி கேள்வி கேட்பதற்கான சட்டம் பின்தங்கி நிற்கிறது. சட்டம் பயிலும் நம் கழகத் தோழர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி அலைய வேண்டியதில்லை.

இனி நம் கைக்குள் இருப்பவற்றைப் பார்ப்போம்.

மாணவர் முகாம், இரத்த தானம், சுற்றுலா எதுவாக இருந்தாலும் இப்போது கூகுள் படிவம்தான். கடந்த ஆண்டு வெளி அமைப்பு ஒன்றின் முகாமுக்கு நான் அப்படி ஒரு படிவத்தை நிரப்பினேன். ஒவ்வாமை, தற்போது உண்ணும் மருந்து, 'வேறு நோய் ஏதும்' என்று கேட்டிருந்தார்கள். அனுப்பி முடித்ததும் 'முந்தைய பதில்களைப் பார்க்க' என்ற இணைப்பு திரையில் வந்தது. சொடுக்கினால் எனக்கு முன் நிரப்பிய அனைவரின் பதிலும் வரிசையாகக் கிடந்தன. இன்ன மாத்திரை, இன்ன கோளாறு, அவசரத்திற்கு அழைக்க வேண்டிய அம்மாவின் எண். படிவ அமைப்பில் 'பதில்களின் சுருக்கத்தைக் காட்டு' என்ற ஒரே ஒரு பொத்தான் முடுக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ஏற்பாட்டாளர்களுக்குத் தெரிவித்தேன், 'யார் தம்பி அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்?' என்று பதில் வந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அணைத்தார்கள். நீங்கள் படிவம் தயாரிப்பவராக இருந்தால், அனுப்புவதற்கு முன் வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். பதில்கள் சேரும் விரிதாளின் இணைப்பு 'யார் வேண்டுமானாலும்' என்றில்லாமல் பெயர் குறித்த இருவர் மூவருக்கு மட்டும் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

புலனக் குழுக்களின் கதை தனி. எம்.சி. எடுத்த மாணவர் அதைப் படம் பிடித்து நாற்பது பேர் உள்ள பாடக்குழுவிலேயே போட்டுவிடுகிறார். நோயின் பெயர், அடையாள அட்டை எண், கிளினிக் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். விரிவுரையாளருக்குத் தனியாக அனுப்ப இன்னும் இரண்டு விநாடி போதும். குடும்பக் குழுவில் மாமாவின் ஸ்கேன் அறிக்கை சுற்றுவதும் அப்படித்தான். 'எந்த டாக்டரிடம் காட்டலாம்?' என்று அக்கறையோடு கேட்டுத்தான் போடுகிறார்கள். மாமாவைக் கேட்டுவிட்டுப் போட்டார்களா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லாத பெற்றோர் முகநூலில் உதவி கேட்கிறார்கள். குழந்தையின் படம், பிறப்புப் பத்திரம், மருத்துவ அறிக்கை, தாயின் அடையாள அட்டை அனைத்தும் பொதுவில் வைக்கப்படுகின்றன. இவற்றைப் போடாவிட்டால் 'இது பொய்' என்று கீழே எழுதுபவர்கள் நாம்தாம். வசதி உள்ளவரின் நோய் மூடிய அறைக்குள் இருக்கிறது. ஏழையின் நோய்க்கு ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரமும் சந்தையில் வைக்கப்பட வேண்டும்! இதில் அந்தத் தாயிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருக்கு உதவப் போகும் பட்டதாரிகள் நாம் சில வேலைகளைச் செய்து தரலாம். அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு உண்டு. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அதன் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆவணங்களை அங்கே அலுவலர் மட்டும் பார்ப்பார். பொது வேண்டுகோள் தவிர்க்க முடியாதது என்றால், நம்பகமான அமைப்பு ஒன்றோ நாளிதழ் ஒன்றோ ஆவணத்தைச் சரிபார்த்து 'நாங்கள் பார்த்துவிட்டோம்' என்று எழுதினால் போதும். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் போடலாம். மறைக்கும்போது கைபேசியின் வண்ணக்கோட்டால் லேசாகத் தீட்டினால் போதாது. ஒளியைக் கூட்டிப் பார்த்தால் எழுத்து தெரிந்துவிடும். கறுப்புக் கட்டத்தால் முழுதாக மூடி, அதைத் திரைப்பிடிப்பு எடுத்து அந்தப் படத்தைப் போட வேண்டும்.

அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'இன்ன காரியத்திற்கு மட்டும்' என்று தேதியோடு எழுதும் வழக்கம் நம் பெற்றோரிடம் இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பும் நகலிலும் அதைச் செய்ய முடியும். அந்த வழக்கம் நம் தலைமுறையில் ஏன் மறைந்தது என்று தெரியவில்லை. ஏமாற்று அழைப்பில் சிக்கிப் பணம் போய்விட்டால் உடனே 997 என்ற தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மையம் அது. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். ஆகவே வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்தான்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சொந்தக் கிளினிக்கும் மருந்துக்கடையும் நடத்துகிறீர்கள். சிலர் மனிதவளத் துறையில் ஊழியர்களின் மருத்துவச் சான்றிதழ்களை வைத்திருக்கிறீர்கள். 'தரவுக் கட்டுப்பாட்டாளர்' என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்வது உங்களைத்தான். மூன்று ஆண்டுக்கு முன் வேலையை விட்டுப் போன உதவியாளரின் கணக்கு உங்கள் கிளினிக் கணினியில் இன்னும் திறக்கிறதா? நோயாளர் பட்டியல் யாருடைய சொந்த மடிக்கணினியிலாவது எக்ஸெல் கோப்பாக இருக்கிறதா? மென்பொருள் விற்றவர் பழுது பார்க்கும்போது உங்கள் நோயாளிகளின் பெயரைப் பார்க்க முடியுமா? நான் படித்த கசிவுச் சம்பவங்களில் பலவும் இப்படிப்பட்ட சின்ன ஓட்டைகளில் தொடங்கியவை.

எங்கள் கழகத்தின் இவ்வாண்டு முகாம் படிவத்தைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அடையாள அட்டை எண் எதற்கு என்று செயலவையில் கேட்டபோது, 'எப்போதும் கேட்பதுதானே' என்றார்கள். காப்பீட்டுக்காக மட்டும் தேவை என்று தெரிந்தது. அதைக் காப்பீட்டு முகவரின் பாரத்திலேயே அவரவர் நேரே எழுதிக் கொடுத்தார்கள். நோய் பற்றிய கேள்விகளை ஒரே கேள்வியாகச் சுருக்கினோம்: 'முகாமில் உங்களுக்கு அவசர உதவி தேவைப்பட்டால் நாங்கள் தெரிந்திருக்க வேண்டியது ஏதும் உண்டா? எழுத விரும்பாவிட்டால் முதலுதவிப் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லலாம்.' ஐவர் நேரில் வந்து சொன்னார்கள். முகாம் முடிந்த மறுவாரம் பதில்களை அழித்தோம். தொலைபேசி எண்களை மட்டும் அடுத்த ஆண்டுக்காக வைத்துக்கொள்ளலாமா என்று பொருளாளர் கேட்டார். சம்மதம் தெரிவித்தவர்களின் எண்களை மட்டும் வைத்திருக்கிறோம்.